சத்திரத்துச் சாலையும் பத்தாம் வகுப்புப் பாடமும்

திருநெல்வேலியிலிருந்து மானூர், தேவர்குளம் வழியாகச் சங்கரன்கோவில் செல்லும் சாலையிலுள்ள பனவடலிசத்திரத்தில், பத்தாம் வகுப்பு மாணவனொருவன் பௌதிகமும் ரசாயனமும் சரித்திரமும் தாய்மொழியிலேயே கற்பது இன்று சாமானியமான காரியமாகத் தோன்றலாம். ஆனால் அந்த நிலை வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று என்பதையும், அவற்றுள்ளும் சொந்தச் சீமையின் சரித்திரமே எல்லாவற்றிற்கும் பின்னால் வந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் குறைவு.

முற்காலத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகி, எண்சுவடியை ராகத்தோடு ஒப்பித்து, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் கற்று, சட்டாம்பிள்ளையின் பிரம்புக்கு அஞ்சி வளர்ந்த திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கணக்கு அபாரமாக வரும். பூமி உருண்டையென்றோ, அயல் தேசங்கள் இன்னவையென்றோ சொல்லித்தரும் சுவடி அவன் கைக்கு எட்டியதில்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் ரேனியுஸ், 1832இல் தமிழில் வெளியிட்ட பூமி சாஸ்திர நூல் அக்குறையைத் தீர்க்கும் முயற்சிகளுள் முற்பட்டது. ஆயினும் மெட்ரிகுலேஷன் பரீட்சை நிலைபெற்ற பின்னர் சாஸ்திரக் கல்வி முழுதும் ஆங்கிலத்தின் வசமாகியது.

மீட்சி மெதுவாகத்தான் வந்தது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைக்கென ஒரு சங்கம் கண்டார்கள். பிறகு நம் திருநெல்வேலியே முன்வந்தது. இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பால் இங்கு வேரூன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், 1936இல் சென்னையில் சுவாமி விபுலானந்தர் தலைமையில் மாநாடு கூட்டி, பல துறைகளுக்கும் உரிய ஏறக்குறைய 10,000 கலைச்சொற்களை 1938இல் நூலாக வெளியிட்டது. வடசொல்லா தனித்தமிழா என்ற வாக்குவாதம் 1940இல் அரசாங்கம் நியமித்த கலைச்சொல் குழுவையும் விட்டுவைக்கவில்லை. அந்தச் சச்சரவில் அறிஞர்கள் செலவிட்ட உஷ்ணத்தில் ஒரு பகுதியைச் சோதனைச்சாலைகளுக்குச் செலவிட்டிருந்தால் கிராமத்துப் பள்ளிகள் இன்னும் பயனடைந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

விஞ்ஞானத்திற்காவது சொல் கிடைத்தது. இங்கிலாந்து தேசத்து அரசர்களின் வரிசையை உருப்போட்டு மெட்ரிகுலேஷன் தேறிய நம் முன்னோருக்கு, சங்கரன்கோவிலுக்கு மேற்கேயுள்ள நெற்கட்டும்செவலில் பாளையக்காரர் பூலித்தேவர் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்றது எந்தப் பாடத்திலும் இல்லை. 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தில் பூலித்தேவர் இடம்பெற்றார் எனினும், ஆங்கிலத்தில் அமைந்த அந்நூல் உத்தியோகஸ்தருக்கன்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவவில்லை. கிராமத்தார் மட்டும், தேவர் சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குள் சென்று ஜோதியில் மறைந்தார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்; அக்கோயிலில் அவர் பெயரால் ஓர் அறையும் உண்டு.

2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல் அவரை முறையாகப் பாடத்தில் ஏற்றியது. 1755இல் கம்பெனியின் கர்னல் ஹெரான், ஆற்காட்டு நவாபின் சகோதரன் மாபூஸ் கானோடு வந்து நெற்கட்டும்செவலை வளைத்தும், உணவுப் பண்டங்களும் சிப்பாய்களின் சம்பளப் பணமும் தீர்ந்துபோனமையால் மதுரைக்குத் திரும்ப நேர்ந்ததையும், பின்பு கம்பெனியார் ஹெரானை வேலையினின்று நீக்கியதையும், 1761 மே மாதத்தில் கம்பெனியின் படைத்தலைவன் யூசுப் கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்ததையும் இன்றைய மாணவன் படிக்கிறான். அக்கோட்டைகளைக் கம்பெனிக்காகப் பிடித்துக் கொடுத்த அதே யூசுப் கான், மூன்றாண்டுகளுக்குள் கம்பெனியாரோடு பகைத்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டான். வருஷங்களை ஒப்பிக்கச் சொல்லும் அவசரத்தில் ஆசிரியர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகாமல் இருந்தால் நலம், ஏனெனில் பூலித்தேவரின் கதையிலேயே அதிகம் விசாரிக்கத் தக்க மனிதன் அவனாகவே எனக்குத் தோன்றுகிறது.