தேக்கு அளவுகோலான வரலாறு

கட்டில் வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் கேட்கும் முதற்கேள்வி, “இது தேக்குதானா?” என்பதே. “ஆம்” என்று விடை வந்தால் வேறு கேள்விகள் எழுவதில்லை. ஒரு மரத்தின் பெயரே தரத்திற்கு மறுபெயராகிவிட்டது எவ்வாறு? அது முறைதானா? தருமபுரி மாவட்டத்தின் வறண்ட காடுகளில் வளரும் ஆச்சா மரத்தைத் தேக்கின் அருகே வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

அகமும் புறமும்

மரத்தின் தரத்தைப் பற்றிய சிந்தனை தமிழர்க்குப் புதிதன்று. உள்ளே வன்மையுடையதை மரம் என்றும், வெளியே வன்மையுடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரித்துக் காட்டுகிறது. அவ்வகையில் மூங்கிலும் பனையும் புல்லினமே. இன்றைய தாவரவியலும் இவ்விரண்டையும் ஒருவித்திலைத் தாவரங்களில் சேர்க்கிறது.

உள்வன்மையைத் தச்சர்கள் ‘வைரம்’ என்பர். மரம் வளர வளர, உட்பகுதியிலுள்ள திசுக்கள் நீரைக் கடத்தும் வேலையை நிறுத்திவிடுகின்றன. அவற்றில் பிசின், எண்ணெய் போன்ற பொருள்கள் படிகின்றன. பகுதி கருத்து, பூச்சிகளை எதிர்க்கும் ஆற்றல் பெறுகிறது. வெளிப்புறத்து வெளிர் மரத்திலோ மாவுப்பொருள் உண்டு. அதுவே வண்டுகளுக்கு உணவு. ஆகவே வைரம் பாயாத இளந்தேக்கு, பெயரால் தேக்கே ஆயினும் பண்பால் தேக்கன்று.

கப்பல் தேடிய மரம்

தேக்கிற்குப் பெரும்புகழ் தேடித்தந்தவற்றுள் கப்பல் முதன்மையானது. அதன் இயற்கை எண்ணெய் நீரையும் கறையானையும் எதிர்க்கிறது. ஓக் மரத்தைப் போல் இரும்பாணியை அரிப்பதில்லை. உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குகிறது. கப்பல் கட்டத் தேக்கு திரட்டுவதற்காகவே 1806-இல் காப்டன் வாட்சன் மலபாரில் வனக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். காடு குறையவே, 1840-களில் கலெக்டர் கனோலியின் முயற்சியால் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் உருவாயிற்று. அதை வளர்த்தெடுத்தவர் சாத்து மேனன்.

1906-இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. பின்னர் அங்கே பலவகை மரத்துண்டுகளைப் பொறிகளில் வைத்து வளைத்தும் நசுக்கியும் மோதியும் சோதித்தனர். முடிவுகளை ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டுமல்லவா? யாவரும் நன்கறிந்த தேக்கின் ஒவ்வொரு பண்பையும் 100 எனக் கொண்டு, பிற மரங்களுக்கு எண் கொடுத்தனர். எடை, உத்தரத்தின் வலிமை, அதிர்ச்சி தாங்கும் திறன், வடிவம் மாறாமை, கடினம் எனத் தனித்தனி எண்கள் உண்டு. ‘இம்மரம் மொத்தத்தில் எத்தனை?’ என்பதற்கு ஒரே எண் கொடுக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆச்சா கற்பிக்கும் பாடம்

ஆச்சாவின் அறிவியற் பெயர் ஹார்டுவிக்கியா பைனேட்டா. இந்தியாவின் மிகக் கனமான மரங்களுள் இது ஒன்று. தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம் இருக்கும். ஆச்சாவோ 1,000 கிலோகிராமைத் தாண்டுவதால் நீரில் மூழ்கிவிடும். கடினத்திலும் அது தேக்கை வெல்கிறது. அப்படியானால் ஆச்சா நாற்காலிதான் சிறந்ததா? அன்று. அதைத் தூக்குவதும் கடினம், இழைப்பதும் கடினம். ஆணி அடித்தால் பிளக்கும். வீட்டுத் தூணுக்கும் வண்டி உறுப்புகளுக்கும் உழவுக் கருவிகளுக்கும் அது ஏற்றது. மேசை நாற்காலிக்கு வாகையும் பூவரசும் அதைவிடப் பொருத்தமானவை. தரம் என்பது மரத்தில் மட்டுமில்லை. பயனோடு அது பொருந்துவதில் இருக்கிறது.

ஈரமும் பொருத்தும்

நல்ல மரமும் ஈரத்தோடு அறுத்துச் செய்தால் கெடும். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கும்போது சுருக்கம் தொடங்குகிறது. ஆண்டு வளையங்களின் போக்கில் அது மிகுதி; நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏறக்குறைய பாதி. இவ்வேறுபாட்டால்தான் பலகை கோணுகிறது. காற்றின் ஈரப்பதத்தை ஒட்டி நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, மரத்தில் இருக்கத்தக்க ஈர அளவை இந்தியத் தரநிர்ணயம் வகுத்திருப்பதும் இதனால்தான். சென்னைக் கடற்காற்றுக்கு ஏற்ப உலர்ந்த மரம், தருமபுரியின் கோடையில் மேலும் சுருங்கும், பொருத்துகள் தளரும்.

கைதேர்ந்த தச்சர் இதை எதிர்பார்த்தே வேலை செய்கிறார். கழுந்தைத் துளையில் இறுக்கமாக இறக்குகிறார். கதவின் நடுப்பலகையை ஒட்டாமல், சட்டத்தின் பள்ளத்தில் அசைய விடுகிறார். ஒட்டுப்பலகையிலும் இதே சிக்கலுக்கு வேறு வகையில் தீர்வு காணப்பட்டுள்ளது: அடுத்தடுத்த தாள்களின் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக அமைவதால் ஒன்றின் சுருக்கத்தை மற்றொன்று தடுக்கிறது. பொதுப் பயனுக்கான ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 303, நீரைத் தாங்கும் கடல்சார் வகைக்கு ஐ.எஸ். 710 என்று தர எண்கள் உள்ளன.

எனவே அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, மரத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். கட்டிலின் அடிப்புறத்தைப் பாருங்கள். சாயம் பூசாத அவ்விடத்தில் வைரமும் வெளிர் மரமும் தெரியும். காலைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆணியை மட்டும் நம்பியிருக்கிறதா, கழுந்து இருக்கிறதா என்று கேளுங்கள். மரம் எவ்வளவு காலம் உலர்ந்தது என்றும் கேளுங்கள். இவற்றுக்கு நல்ல விடை தரும் வாகைக் கட்டில், வைரமற்ற தேக்குக் கட்டிலைவிட உங்கள் பணத்திற்கு ஏற்ற பொருளாகும்.