நங்கலில் பிரிந்த நீர்

1923-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கேம்பிரிட்ஜில் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற இளம் விஞ்ஞானி ஒரு பிரசங்கம் செய்தார். நிலக்கரியும் எண்ணெயும் தீர்ந்தபின் இங்கிலாந்து என் செய்யும் என்பது அதில் எழுந்த வினாக்களுள் ஒன்று. நாடெங்கும் காற்றாடி யந்திரங்கள் நிற்கும். காற்று மிகுந்த காலத்தில் அவற்றின் மின்சாரம் நீரைப் பிராணவாயுவாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிக்கும். அவற்றைத் திரவமாக்கிச் சேமித்து வைத்தால் காற்று ஓய்ந்த நாட்களில் சக்தி கிடைக்கும் என்றார். இதற்கு நானூறு ஆண்டுகள் ஆகலாம் என்பது அவர் மதிப்பு. இதே ஹால்டேன் 1957-இல் இந்தியாவில் வந்து குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். நம்மைப் போல் அயலூரில் வீடு கண்டவர்.

அவர் இங்கு வாழ்ந்த நாட்களிலேயே நீரைப் பிரிக்கும் பெருந்தொழில் பஞ்சாபில் தொடங்கிற்று. சட்லெஜ் நதிக்கரையில், நங்கலில், 1961-இல் உர ஆலை ஒன்று இயங்கத் தலைப்பட்டது. பக்ரா–நங்கல் திட்டத்தின் மின்சாரத்தால் நீரைப் பிரித்து, கிட்டிய ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கினார்கள். அதற்குக் கரியும் வேண்டியதில்லை, எண்ணெயும் வேண்டியதில்லை. மறு ஆண்டே அங்குக் கனநீரும் கிடைத்தது.

ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற இன்றைய நல்ல சாதனத்திலும் 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செல்லும். அதிலிருந்து மீளும் வெப்பமோ 33 யூனிட் அளவே. ஹைட்ரஜன் மண்ணில் தோண்டி எடுக்கும் எண்ணெய் போன்றதன்று. வேறொரு சக்தியைச் சுமந்து வரும் கூலியாள், வழியில் தன் கூலியையும் எடுத்துக்கொள்வான். 'எரிபொருள்' என்று ஒரே சொல்லால் இரண்டையும் மொழிபெயர்த்துவிடும் எம்மைப் போன்றோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் தப்பிவிடுகிறது.

நங்கலில் நேர்ந்ததும் இதுவே. வயல்களில் குழாய்க் கிணறுகள் பெருகின, நகரங்கள் வளர்ந்தன, டில்லியில் நம்மவர் வீட்டு விளக்கும் பக்ராவின் மின்சாரத்தில் பங்கு கேட்டது. அனைவரும் வேண்டிய அதே மின்சாரத்தைப் பேரளவில் விழுங்கும் ஆலைக்குத் தட்டுப்பாடு வந்தது. 1970-களின் இறுதியில் ஆலையை விரிவாக்கியபோது எரியெண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் முறையே வந்து அமைந்தது. எண்ணெய்க்கு மாற்றென்று நாம் பேசும் பொருள் எண்ணெயிலிருந்தே பிறந்தது!

1937-இல் அமெரிக்காவில் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து 36 பேர் மாண்டதை நினைத்து அஞ்சுவோர் உளர். நமக்கோ கணக்கே அதிக அச்சம் தருகிறது. எடைக்கு எடை ஹைட்ரஜன் பெட்ரோலைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு வெப்பம் தரும். இடத்தைப் பார்த்தால் கதை வேறு. மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிய பின்னும், பெட்ரோலுக்கு வேண்டியதுபோல் நான்கு மடங்கு பெரிய தொட்டி வேண்டும். குளிர்விக்கவே அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு செலவாகும். 100 யூனிட் மின்சாரத்தை மின்கலத்தில் ஏற்றி ஓட்டினால் சக்கரத்தை அடைவது ஏறத்தாழ 70. ஹைட்ரஜன் வழியாகச் சென்றால் 30 அளவே. ஆகவே மோட்டார் காருக்கு இது உகந்த வழியென்று நாம் கருதவில்லை. உரத்துக்கும் உருக்குக்கும் நிலைமை வேறு. அங்கே மின்கலம் உதவாது.

2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு இசைவு தந்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. கிலோவுக்கு 50 யூனிட் என்றே கொண்டாலும் அதற்கு 25,000 கோடி யூனிட் வேண்டும். அது எந்தக் கிணற்றுக்கும் எந்த விளக்குக்கும் செல்ல வேண்டிய பங்கிலிருந்து வரலாகாது. புதிதாக நிறுவும் சூரிய, காற்று நிலையங்களிலிருந்தே வரவேண்டும்.

நங்கல் ஆலை 2013-இல் எரியெண்ணெயை விட்டு இயற்கை வாயுவுக்கு மாறியது. நாட்டில் செலவாகும் அந்த வாயுவில் ஏறத்தாழப் பாதி கப்பலில் வருகிறது. ஆலையின் அருகே சட்லெஜ் இன்றும் ஓடுகிறது.