ஹால்டேனும் எங்க ஊர் அண்ணாச்சியும்

பெங்களூருக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. கடலைப் பார்க்கணும்னா ராத்திரி பஸ் ஏறவேண்டிய ஊர். நீச்சல்குளத்துல ஸ்கூபா பழகிட்டு, முருடேஸ்வர் பக்கம் நேத்ராணித் தீவுல போய் முங்குற ஐடி கூட்டத்துல நானும் ஒருத்தன். தூத்துக்குடிக்காரன் குளத்துல கடல் பழகுறான்னு வீட்ல ஒரே சிரிப்பு :-)

போன மாசம் நைட்ராக்ஸ் வகுப்புல சேர்ந்தேன். பெரும்பாலும் பாடமும் கணக்கும்தான். "தண்ணில இறங்காத படிப்புக்கு எதுக்குங்க காசு?"ன்னாங்க தங்கமணி. நியாயமான கேள்வி.

சாதாரணக் காற்றுல ஆக்ஸிஜன் 21 சதவீதம், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். ஆழத்துல அழுத்தம் கூடக் கூட நைட்ரஜன் உடம்புல கரையும். சட்டுனு மேல வந்தா சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழா வெளியேறும். இதைச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு பால் பெர்ட், 1878ல. அழுத்தத்துல ஆக்ஸிஜன் கூடினா வலிப்பு வரும்னு காட்டினதும் அவரேதான். ரெண்டு எமனையும் ஒரே ஆள் கண்டுபிடிச்சிருக்கார்!

1908ல ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில வச்சுப் பார்த்து, படிப்படியா மேல ஏற அட்டவணை போட்டார். அவர் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஆட்டை நம்பல, தன்னையே அறைக்குள்ள அடைச்சுக்கிட்டார். இரண்டாம் உலகப்போர் சமயத்துல ஆக்ஸிஜன் சோதனையில வலிப்பு வந்து முதுகெலும்பே அடிபட்டது. அதே மனுஷர்தான் 1957ல இந்தியாவுக்குக் குடிவந்து, 1964ல புவனேஸ்வர்ல காலமானார்.

நைட்ரஜனைக் குறைச்சு ஆக்ஸிஜனைக் கூட்டுற கலவையை அமெரிக்க அரசின் கடல் ஆய்வு அமைப்பு 1970கள்ல பயன்படுத்த ஆரம்பிச்சது. 1985ல டிக் ருட்கோவ்ஸ்கி அதைப் பொழுதுபோக்கு டைவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ஆபத்துன்னு பெரிய சண்டையே நடந்தது.

32 சதவீதக் கலவையோட 30 மீட்டர்ல இருந்தா, நைட்ரஜன் கணக்குப்படி சாதாரணக் காற்றுல 24 மீட்டர்ல இருக்கிற மாதிரி. ஆனா 34 மீட்டரைத் தாண்டினா ஆக்ஸிஜன் எல்லையைக் கடந்துடுவோம். அதாவது இது ஆழமாப் போறதுக்கான காற்று இல்லை. இந்த ஒரு வரிக்கே குடுத்த காசு தகும்.

இனி அண்ணாச்சி. எங்க தெருக்காரர், சங்குகுளி. அவங்க அப்பா காலத்துல கல்லைக் கட்டி மூச்சடக்கி முங்கினாங்க. ஒரு மூச்சுல கரையுற நைட்ரஜன் கொஞ்சம்தான். இவர் காலத்துல சிலிண்டர் வந்தது, அட்டவணை வரலை. ஒருநாள் கரைக்கு வந்ததும் இடது கால் மரத்துப்போச்சு. வாதம்னு சொல்லி எண்ணெய் தேய்ச்சாங்க. இன்னிக்கும் இழுத்துதான் நடக்கார்.

பொங்கலுக்குப் போனப்ப என் பாடப் புத்தக அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு விரலை வச்சு மெதுவாப் பார்த்தார்.

"பதினெட்டு மீட்டர்ல சாதாக் காத்துக்கு எவ்வளவு தம்பி?"

"முதல் முங்குக்கு 56 நிமிஷம் அண்ணாச்சி. 32-ன்னா 95. அடுத்தடுத்து முங்கினா குறைஞ்சுக்கிட்டே வரும்."

"நாங்க ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர் முடிப்போம்லா" என்றார். அப்புறம் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார். அவர் தங்கச்சி மகன் இன்னும் சங்குக்குப் போறான்.