அடேனியம்: ஈரவலயத்தில் வளர்ப்பு

அடேனியம், அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த பூச்செடி. பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்து வாழ்வது. பாலைவன ரோஜா என்றும் சொல்வார்கள். தென் அரேபியாவும் கிழக்கு ஆபிரிக்காவும் சகாராவை அடுத்த வறண்ட நிலங்களும் இதன் தாயகம். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் பெட்டர் போர்ஸ்கோல் இந்தச் செடியைப் பற்றி எழுதிவைத்த விவரம், அவர் 1763இல் யேமனில் காய்ச்சலால் இறந்த பிறகு, 1775இல் அச்சில் வந்தது.

கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டியவில் இதை வளர்க்க விரும்புவோர், வறட்சி தாங்கும் செடி என்ற பேச்சை நம்பி ஏமாறக்கூடாது. தேயிலையும் இறப்பரும் செழிக்கும் இந்த ஈரவலயத்தில் ஆண்டுக்கு 2500 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. இங்கே செடியைக் கொல்வது ஈரம்தான். காற்றுப் புகாத மண்ணில் வேர் அழுகி, அழுகல் அடித்தண்டுக்கு ஏறும். அப்போதும் நுனி இலைகள் பச்சையாகவே இருப்பதால் பலருக்கு விஷயம் தெரிவதில்லை. பெருவிரலால் அடித்தண்டை அழுத்திப் பார்க்க வேண்டும்: பச்சைக் கிழங்குபோல் இறுக்கமாக இருந்தால் நலம். விரல் அமுங்கினால் அன்றே பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகலைச் சீவி, பூஞ்சணக்கொல்லித் தூள் தடவி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து மறுபடி நடலாம். பயந்து எறிந்துவிட வேண்டியதில்லை.

தோட்டத்துச் செம்மண்ணைத் தனியாகச் சாடியில் போடுவது தவறு, நனைந்தால் இறுகிவிடும். பருமணல், உடைத்த செங்கல், உமிக்கரி மூன்றும் பெரும்பங்கு, கூட்டெரு சிறுபங்கு என்று கலப்பதே நல்லது. தும்புத்தூள் நீரைப் பிடித்துவைக்கும் என்பதால் மழைக்காலத்துக்கு ஆகாது. பழைய பெயின்ட் வாளியில் நட்டாலும் குறையில்லை, அடியில் துளைகள் தாராளமாக இருக்க வேண்டும்.

லயத்து வாசலில் தகரக் கூரையின் தாவாரத்துக்கு உள்ளே, காலை வெயில் விழும் பக்கம் சாடியை வைப்பது மழைக்காலத்துக்குப் பொருத்தம். கூரைநீர் சொட்டும் கோட்டில் வைத்தால் திறந்த வெளியில் வைப்பதைவிடக் கேடு. மழைநாட்களில் தண்ணீரே ஊற்ற வேண்டாம்.

மழை குறையும் சனவரி, பெப்ரவரியில் நிலைமை மாறும். முழு வெயிலில் வைத்து, மேல்மண் காய்ந்ததும் நன்றாக நீர் ஊற்றலாம். பூ புதுத்தளிர்களின் நுனியில் வருவதால், இந்தப் பருவம் தொடங்கும்போதே கிளைகளை வெட்டிவிட வேண்டும். கிளையை நட்டாலும் வேர்பிடிக்கும். ஆனால் அழகான பருத்த அடிக்கு விதைதான் வேண்டும். விதை கொம்புபோன்ற இரட்டைக் காயில் உருவாகும். இருமுனையிலும் பட்டுமயிர் உள்ள விதைகளைக் காற்று கொண்டுபோய்விடும் என்பதால், வெடிக்குமுன் காயை நூலால் சுற்றிக் கட்டுவார்கள்.

அரளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு இதற்கும் வரும். பச்சை உடல், தலைக்குப் பின்னால் கண்போன்ற இரு நீலப் புள்ளிகள், வால்முனையில் சிறு கொம்பு. ஓரிரவில் கிளையை மொட்டையாக்கிவிடும். கையால் பொறுக்கி எடுப்பதே போதும்.

செடியின் பால் நஞ்சு, இதயத்தைத் தாக்கக்கூடியது. ஆபிரிக்காவில் வேட்டை அம்புகளில் பூசினார்கள். வெட்டியபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது கட்டாயம். வெட்டிய கிளைகளை ஆடு மாடு மேயும் இடத்திலோ, குடிநீர்ப் பீலிக்கு அருகிலோ போடக்கூடாது.