நீல முக்கோணமும் தேனீயும்

குர்கானிலிருந்து ஆல்வார் போகும் சாலையில் ஜனவரி மாதம் போனால் இரண்டு பக்கமும் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடக்கும். நமக்கெல்லாம் கடுகு என்றால் தாளிக்க அரை ஸ்பூன். அது அடிவானம் வரை வயலாக நிற்கும் என்பதை நான் இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். வயலோரம் வரிசையாகத் தேனீப் பெட்டிகள், பக்கத்தில் ஒரு தார்ப்பாய்க் கூடாரம்.

போன குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தித் தேன் வாங்கினோம். பெட்டிக்காரர் பீகார், முசாஃபர்பூர் பக்கம். குளிர்காலத்தில் கடுகுப் பூவுக்காக ராஜஸ்தான், மார்ச்சில் லிச்சி பூக்கும்போது சொந்த ஊர். நம்மைப் போலத்தான், பிழைப்பு இருக்கும் இடத்துக்கு மூட்டை கட்டுகிறவர்.

நான்கைந்து பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் கைப்பிடி கைப்பிடியாகச் செத்துக் கிடந்தன. என்ன ஆச்சு என்று கேட்டேன். "பக்கத்து வயலில் அசுவினிக்கு மருந்து அடித்தார்கள். காலை பதினோரு மணிக்கு. பொழுது சாய்ந்து அடித்திருந்தால் இவ்வளவு போயிருக்காது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். வயல்காரரைக் கோபித்துக்கொண்டால் அடுத்த வருஷம் பெட்டி வைக்க இடம் கிடைக்காதே!

வரப்பில் காலிப் பாக்கெட் கிடந்தது. தயாமீதாக்சம். மேலே நீல முக்கோணம். உள்ளே எட்டாக மடித்த துண்டுச்சீட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி: தேனீக்கள் நடமாடும் நேரத்தில் தெளிக்க வேண்டாம். அதைப் படிக்க எனக்கே கண்ணாடி தேவைப்பட்டது.

அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளாவில் நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். காரணம் ரொட்டி. பாரத்தியான் என்ற பூச்சிமருந்து, சரக்கோடு சரக்காக வந்தபோது கசிந்து கோதுமை மாவில் கலந்துவிட்டது. அன்றைக்கு இந்தியாவில் பூச்சிமருந்துக்கென்று முழுமையான சட்டம் கிடையாது. பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். பிறகு பேராசிரியர் எம்.எஸ். தாக்கர் தலைமையில் நிபுணர் குழு. கடைசியில் 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது, 1971ல் விதிகள் வந்தன. பதிவு செய்யாமல் ஒரு மருந்தையும் விற்கக் கூடாது என்றானது. சாதாரண விஷயமில்லை, அதற்கு முன்னால் இருந்த நிலைமைக்கு இது பெரிய தாவல்.

ஆனால் சட்டம் பிறந்த நேரம் அதன் ஜாதகத்தில் தங்கிவிட்டது. மனிதன் செத்ததால் வந்த சட்டம், மனிதனைக் காப்பாற்றத்தான் முதலில் யோசித்தது. மனிதருக்கும் விலங்குகளுக்கும் பாதுகாப்பானதா என்று பார்த்துத்தான் பதிவு தர வேண்டும் என்கிறது. விலங்கு என்றால்? மனிதனுக்குப் பயன்படும் விலங்குகள், மீனும் கோழி போன்ற பறவைகளும் அதில் அடக்கம், மத்திய அரசு அறிவிக்கும் காட்டுயிர்களும் சேரும் என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். தேனீயின் பெயர் இல்லை. பயன்படும் விலங்குதானே என்று வாதாடலாம். ஆனால் மீனுக்கும் கோழிக்கும் வாதாட வேண்டியதில்லை, பாருங்கள்!

அடுத்து இந்த முக்கோணம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறம். சிவப்பு கடும் விஷம், பச்சை லேசானது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளட்டும் என்ற நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிறம் எலி போன்ற சோதனை விலங்குகளுக்கு எவ்வளவு கொடுத்தால் சாகும் என்ற கணக்கில் வருவது. தயாமீதாக்சம் எலியைக் கொல்ல நிறைய வேண்டும், அதனால் நீலம். தேனீக்கோ, ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் ஐந்து பங்கு தின்றால் போதும், தின்றவற்றில் பாதி செத்துவிடும். எலிக்கு நீலம் என்றால் தேனீக்குச் சிவப்புக்கு மேலே ஒரு நிறம் கண்டுபிடிக்க வேண்டும். வயல்காரர் நீலத்தைப் பார்த்து 'இது சாது மருந்து' என்று நினைத்தால் அவர் மேல் என்ன தப்பு?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். புது மருந்தைப் பதிவு செய்யும்போது தேனீக்கு அது எவ்வளவு விஷம் என்ற தரவையும் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தரவெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் அந்த எட்டு மடிப்புச் சீட்டு. மருந்தைத் தடுப்பதில்லை, நேரத்தைச் சொல்கிறது. பதினோரு மணிக்கு அடிக்கிறாரா ஆறு மணிக்கு அடிக்கிறாரா என்று எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்?

ஜெர்மனியில் 2008 வசந்தத்தில் ரைன் நதிக்கரை ஓரமாக 11,000க்கும் மேற்பட்ட தேனீக் கூடுகள் பாதிக்கப்பட்டன. க்ளோதயானிடின் பூசிய மக்காச்சோள விதை; பூச்சு சரியாக ஒட்டவில்லை. விதைக்கும் இயந்திரம் அந்தத் தூசியை வெளியே ஊதி, பூத்திருந்த செடிகள் மேல் படிய வைத்தது. அதே மே மாதம் அரசு அந்த வகை விதைநேர்த்தி மருந்துகளின் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2013ல் ஐரோப்பிய ஒன்றியம் இமிடாக்ளோபிரிட், க்ளோதயானிடின், தயாமீதாக்சம் மூன்றுக்கும் கட்டுப்பாடு போட்டது. 2018ல் திறந்தவெளி வயல்களில் அடியோடு தடை. அங்கே செத்தது தேனீ; அதற்கே சட்டம் அசைந்தது.

இங்கே? எண்டோசல்ஃபான் 2011ல் உச்ச நீதிமன்றத்தால் நின்றது, காசர்கோட்டு மனிதர்களின் துயரத்தால். (அது தேனீக்கு அவ்வளவு கெடுதல் இல்லை என்றுகூட உற்பத்தித் தரப்பு வாதாடியது. ஒருவருக்குச் சாதுவானது இன்னொருவருக்கு எமன் என்பதற்கு இது மறுபக்கம்.) 2013ல் பீகாரில் பள்ளிக்கூட மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்ய மத்திய அரசு வரைவாணை போட்டபோது, அவற்றில் பலவற்றுக்குச் சொன்ன காரணங்களில் 'தேனீக்கு நஞ்சு' என்பதும் இருந்தது. படித்தபோது சந்தோஷமாக இருந்தது, கடைசியில் அரசிதழில் தேனீக்கும் இடம் கிடைத்ததே என்று. 2023ல் இறுதி ஆணை வந்தது. மூன்று மருந்துகளுக்கு முழுத்தடை, மோனோகுரோட்டோபாஸில் ஒரு வகைக்குக் காலக்கெடு, இன்னும் சிலவற்றுக்குச் சில பயிர்களில் தடை. ஐரோப்பா நிறுத்திய அந்த மூன்றும் முதல் 27லேயே இல்லை.

எல்லாத் தேனீச் சாவுக்கும் பூச்சிமருந்துதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மார்த்தாண்டம் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும், 1990களின் தொடக்கத்தில் பெட்டி பெட்டியாகக் காலியானது தாய் சாக்புரூட் என்ற வைரஸால். அசுவினியை விட்டுவிட்டால் கடுகு விவசாயி என்ன செய்வார் என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் கடுகு மணி பிடிப்பதில் தேனீக்கும் பங்கு உண்டு. பெட்டிக்காரருக்குச் செத்தது அவருக்கு மட்டும் நஷ்டமில்லை.

பெட்டித் தேனீயையாவது, முதல் நாள் சொன்னால் ராத்திரியோடு ராத்திரியாக வாசலை மூடி வேறு இடத்துக்குத் தூக்கிப் போகலாம். ஆலமரத்தில் கூடு கட்டும் மலைத்தேனீக்கும், பொந்தில் இருக்கும் கொசுத்தேனீக்கும் யார் போய்ச் சொல்வது? அவற்றுக்குச் சட்டம் ஒன்றுதான் சொல்ல முடியும். அதற்கு முதலில் அந்தச் சட்டத்தில் அவற்றின் பெயர் இருக்க வேண்டும். முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு தேனீப் படத்தைப் பெரிதாகப் போட்டாலே பாதி வேலை முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு என்ன செலவாகிவிடும்?

கிளம்பும்போது பெட்டிக்காரரிடம் அந்தச் சீட்டைக் காட்டி, வயல்காரரிடம் இதைச் சொல்லுங்களேன் என்றேன். சிரித்துவிட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்கும் அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும்.