துளிகள் உருண்டையாவது ஏன்: ஓர் ஆய்வின் வரலாறு

இலைமேல் நிற்கும் பனித்துளியும் தரையில் சிதறிய பாதரசமும் உருண்டு திரள்வதற்குக் காரணம் பரப்பு இழுவிசை. நீர்மத்தின் உள்ளே இருக்கும் ஒரு மூலக்கூறைச் சுற்றியுள்ள மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் சமமாக இழுக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கு வெளிப்பக்கம் இழுக்க ஆளில்லை; அது உள்நோக்கியே இழுபடுகிறது. எனவே நீர்மம் தன் பரப்பை இயன்றவரை சுருக்கிக்கொள்கிறது. 1 கன செ.மீ. நீரைக் கனசதுரமாக வைக்க முடிந்தால் அதன் பரப்பு 6 சதுர செ.மீ.; அதுவே கோளமானால் ஏறத்தாழ 4.84 சதுர செ.மீ. மட்டுமே. இதைவிடக் குறைந்த பரப்புள்ள வடிவம் வேறில்லை.

ஆனால் மேசைமேல் சிந்திய தண்ணீர் கோளமாக நிற்பதில்லை. சிறு துளியில் பரப்பு இழுவிசை வெல்லும். அளவு கூடினால் எடை வென்று துளியைத் தட்டையாக்கிவிடும். எடையின் குறுக்கீட்டை நீக்கினால்தான் நீர்மத்தின் இயல்பான வடிவம் தெரியும்.

அதை முதலில் தொழிலுக்குப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர் அறிவியலாளர் அல்லர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஈய வேலை செய்துவந்த வில்லியம் வாட்ஸ், துப்பாக்கிக்கான ஈயக் குண்டுகள் செய்யும் முறைக்கு 1782இல் காப்புரிமை பெற்றார். தம் வீட்டின்மேல் கோபுரம் எழுப்பி, கீழே தரையையும் தோண்டி உயரத்தைக் கூட்டினார். உச்சியில் உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியே ஊற்றினால், அது துளித்துளியாக விழும். தடையின்றி விழும் பொருளில் எடையின் அழுத்தம் இல்லை. துளி உருண்டையாகி, விழும்போதே இறுகி, அடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் சேர்ந்தது. பெரிய குண்டு இறுக அதிக நேரம் பிடிக்கும், ஆகவே அதற்கு இன்னும் உயரமான கோபுரம் தேவைப்பட்டது. இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. வாட்ஸின் கோபுரம் 1968இல் சாலையை அகலப்படுத்துவதற்காக இடிக்கப்பட்டது.

பரப்பு இழுவிசைக்குத் தெளிவான கோட்பாட்டை இங்கிலாந்தின் தாமஸ் யங்கும் பிரான்சின் லாப்லாசும் அளித்தது அதற்குப் பின்னர், 1805, 1806ஆம் ஆண்டுகளில்தான்.

விழும் துளியைக் கணநேரமே காண முடியும். எடையை நீக்கி அதை நிறுத்தி வைத்துப் பார்க்க வழி கண்டவர் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாத்தோ (1801–1883). எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், சாராயத்தில் மூழ்கும். இரண்டையும் அளவறிந்து கலந்து, எண்ணெயின் அடர்த்திக்குச் சமமான கலவை ஒன்றை அவர் உண்டாக்கினார். அதில் விட்ட ஆலிவ் எண்ணெய் மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை. நடுவில் பெரிய கோளமாக நின்றது. அக்கோளத்தைச் சுழற்றியபோது அது பூமியைப் போல மேலும் கீழும் தட்டையானது. வேகம் கூடியபோது சனிக்கோளின் வளையத்தை நினைவூட்டும் எண்ணெய் வளையமாக விரிந்தது. இச்சோதனைகளைக் கூறும் அவரது முதல் ஆய்வுரை 1843இல் வெளிவந்தது.

அதே ஆண்டில் பிளாத்தோ பார்வையை முழுவதும் இழந்தார். இளமையில் சூரியனை வெறுங்கண்ணால் உற்று நோக்கியதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. கண்ணினுள் நீடித்த அழற்சியாக இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்கள் கருத்து. ஆராய்ச்சி நிற்கவில்லை. என்ன செய்ய வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர் சொல்ல, குடும்பத்தினரும் உடன் பணியாற்றியோரும் சோதனை செய்து கண்டதை விவரித்தனர். கம்பிச் சட்டங்களைச் சோப்புக் கரைசலில் தோய்த்து, படலங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் விதிகளை அவர் வகுத்ததும் இக்காலத்தில்தான். அனைத்தும் 1873இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. தாம் வகுத்த விதிகளில் பலவற்றை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

ஒரு குறிப்பிட்ட கன அளவை அடைக்கும் வடிவங்களுள் கோளமே மிகக் குறைந்த பரப்புடையது என்பது கிரேக்கர் காலம் முதலே நம்பப்பட்டு வந்தது. அதற்குக் கணித அடிப்படையில் முழுமையான நிறுவலை ஜெர்மானியக் கணிதவியலாளர் ஹெர்மன் ஷ்வார்ஸ் 1884இல் அளித்தார். பிளாத்தோ இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.