உழைக்காத பிரேக்கும் உப்புக் காற்றும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஹைபிரிட் வாகனம் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள். நான் வரலாறு படிப்பிக்கிறவன், கராஜ்காரன் அல்ல. ஆனாலும் போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கதி என்னை நூற்று முப்பது வருட வரலாற்றைப் புரட்ட வைத்தது.

நாநா கட்டாரில் பல வருடம் உழைத்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததல்லவா, அதற்குப் பிறகு ஒரு புது ஹைபிரிட் கார் எடுத்தார். ஆடம்பரத்துக்கு அல்ல. உம்மாவை மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பு கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். கல்பிட்டியிலிருந்து போக மட்டும் நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல்.

கார் வந்து நாலு மாதம் ஆகவில்லை. ஒரு சுபஹுக்குப் பிறகு முற்றத்திலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். தகரத்தைச் சீமெந்துத் தரையில் இழுத்த மாதிரி. றோட்டில் ஏறிய பிறகு குறைந்தது. ஆனால் சந்தியில் மெதுவாக நிற்பாட்டும்போது திரும்பவும் கேட்டது.

"தம்பி, பிரேக் இப்பிடிக் கத்தினா நான் எப்பிடி உம்மாவ ஏத்திக்கிட்டுப் போற?" என்றார் நாநா. அந்த மாதம் கிளினிக்குக்கு வாடகை வேனில்தான் போனோம்.

ஒரு கராஜில் காட்டினோம். சில்லைக் கழற்றாமலே, "நாலு சில்லுக்கும் டிஸ்க்கும் பேட்டும் மாத்தணும் சேர்" என்றார்கள். சொன்ன தொகை என் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டியது. நாலாயிரம் கிலோமீற்றர் கூட ஓடாத காருக்கு!

அங்கிருந்துதான் என் தேடல் தொடங்கியது. பிரேக் ஏன் கத்துகிறது? எப்போதிருந்து கத்துகிறது?

கார் பிறந்த காலத்திலிருந்தே பிரேக் ஒரு தலையிடிதான். 1888 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் செய்த மூன்று சில்லு மோட்டார் வண்டியில் இரண்டு மகன்மாரை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். உலகில் காரில் போன முதல் நீண்ட பயணம் அது. இறக்கங்களில் மரக்கட்டைப் பிரேக் தேய்ந்துபோனது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, அந்தக் கட்டையில் தோலை அடித்துத் தரச் சொன்னார். இன்று நாம் "லைனர்" என்கிறோமே, அதன் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து இங்கிலாந்து. 1902இல் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற பொறியியலாளர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் தட்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் யோசனை. இன்றைய கார்களில் இருப்பதும் அதேதான். ஆனால் அவர் பேட்டுக்குச் செப்பைப் போட்டார். உலோகத்தோடு உலோகம் உரசினால் என்ன நடக்கும்? காதைப் பொத்த வைக்கும் சத்தம். சில வருடங்கள் கழித்து, 1907 அளவில், ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் அந்தப் பேட்டில் அஸ்பெஸ்டஸ் பூச்சு வைத்துச் சத்தத்தை அடக்கினார். நம் வீட்டுக் கூரைத் தகட்டில் இருக்கும் அதே அஸ்பெஸ்டஸ்தான். பல பத்து வருடங்கள் உலகமே அதைப் பிரேக்கில் பாவித்தது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது நிலைநாட்டப்பட்ட பிறகு பல நாடுகள் தடைசெய்தன. பிரேக் சத்தத்தை அடக்கக் கொடுத்த விலை அது.

டிஸ்க் பிரேக்கின் பெயர் உலகெங்கும் பரவியது 1953இல். பிரான்சின் லெ மான் 24 மணி நேர ஓட்டத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜகுவார் கார் வென்றது. ட்ரம் பிரேக் சூடேறித் தளர்ந்த இடங்களில் டிஸ்க் தாக்குப்பிடித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். மரக்கட்டை, தோல், செப்பு, அஸ்பெஸ்டஸ், ட்ரம், டிஸ்க் என்று இந்த வரலாறு முழுவதும் பிரச்சினை ஒன்றுதான்: பிரேக் அளவுக்கு மிஞ்சி உழைத்தது. தேய்ந்தது, சூடேறியது, கத்தியது. எங்கள் வாப்பா உப்பு லொறி ஓட்டியவர். லைனர் தேய்ந்ததைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவருடைய காதுக்குப் பழகியதும் உழைத்துத் தேய்ந்த பிரேக்கின் சத்தம்தான்.

ஹைபிரிட் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது.

பெற்றோல் இயந்திரத்தையும் மின் மோட்டாரையும் சேர்க்கும் யோசனை பழையது. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900இலேயே அப்படி ஒரு காரைச் செய்தார். ஆனால் பெருமளவில் சந்தைக்கு வந்தது 1997 டிசம்பரில், ஜப்பானில் வெளியான டொயோட்டா பிரியஸ் மூலம். நம் ஊர் றோட்டுகளில் ஓடும் அக்வா 2011 டிசம்பரிலும், ஹொண்டா வெசல் 2013 டிசம்பரிலும் ஜப்பானில் வெளியானவை.

பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரில் சாய்த்துவிட்டால் லைட் எரியும், மிதிக்கப் பாரமாகும். அந்தப் பாரம்தான் ஹைபிரிட்டின் முதல் பிரேக். நீங்கள் பெடலை மெதுவாக மிதிக்கும்போது மோட்டார் டைனமோவாக மாறி, காரின் வேகத்தை மின்சாரமாக்கிப் பட்டரியில் சேர்க்கிறது. டிஸ்க்கை பேட் பெரிதாகப் பிடிப்பதில்லை. கார் நிற்கப்போகும் கடைசிக் கட்டத்திலும், சடுதியாக அழுத்தும்போதும்தான் பேட் முழுமையாக வேலைக்கு வருகிறது. அதனால் பேட் நீண்ட காலம் தேயாது. நல்லதுதானே என்று நினைப்போம்.

ஆனால் டிஸ்க் வார்ப்பிரும்பு. சாதாரணக் காரில் இரவில் படியும் கறளைக் காலையில் நாலு பிரேக் துடைத்துவிடும். ஹைபிரிட்டில் அது துடைபடாமல் தங்கலாம். அதோடு நாம் இருப்பது எங்கே? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, புத்தளம் பக்கம் உப்பளம். ஆணியை வெறும் நீரிலும் உப்பு நீரிலும் போட்டுப் பார்க்கும் பரிசோதனையை நம் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் செய்கிறார்கள். அதே பரிசோதனையைத்தான் நாம் முற்றத்தில் காரை வைத்துச் செய்துகொண்டிருக்கிறோம். போதாததற்கு, புதுக் கார் கப்பலில் கடல் கடந்து, துறைமுகத்திலும் யார்டிலும் காத்திருந்துதான் நம் கைக்கு வருகிறது.

கடைசியில் பாலாவிப் பக்கம் வயதான ஒரு பாஸிடம் போனோம். அவர் முதலில் சாவியைக் கேட்கவில்லை, கேள்வி கேட்டார். "சத்தம் எப்ப வருது? காலைல மட்டுமா? ரிவர்ஸிலயா? பிரேக் மிதிச்சாலா, மிதிக்காட்டியுமா?" பிறகு நாலு சில்லையும் கழற்றினார். பின் டிஸ்க்கின் உள்பக்கம் கறளால் சிவந்திருந்தது. கலிப்பர் நகரும் பின் ஒன்று உப்பேறி இறுகியிருந்தது. பேட் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தது. சுத்தம் செய்து, அதற்குரிய கிறீஸ் பூசிப் பூட்டினார். சத்தம் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். கூலி, முதல் கராஜ் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்கு.

அவரிடமும் வாசிப்பிலும் கற்றதைச் சுருக்கித் தருகிறேன்:

காலையில், அல்லது மழைக்குப் பிறகு முதல் சில பிரேக்கில் மட்டும் உரசல் சத்தம் வந்து மறைந்தால் பெரும்பாலும் மேற்கறள்.

மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் தொடர்ந்து கீறும் சத்தம் என்றால், டிஸ்க்குக்கும் பின்னாலுள்ள தகட்டுக்கும் இடையில் கல் சிக்கியிருக்கலாம். நம் மணல் றோட்டுகளில் இது சாதாரணம்.

கூர்மையான கீச்சுச் சத்தம் விடாமல் வந்தால் பேட் தேய்ந்து, எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

கதவைத் திறக்கும்போதோ காரை ஓன் பண்ணும்போதோ சில செக்கன் "ஊம்ம்" என்று கேட்டால், பல ஹைபிரிட்டுகளில் அது பிரேக் அமுக்கத்தைத் தயார்செய்யும் பம்ப். பழுதல்ல.

மெதுவாகப் போகும்போது வரும் மெல்லிய இரைச்சல், பாதசாரிகளை எச்சரிக்கவே வைத்த ஒலியாகவும் இருக்கலாம். சத்தமில்லாத கார் பார்வையற்றவர்களுக்கு ஆபத்து என்ற கவலை எழுந்ததால், 2010இல் ஜப்பானில் பிரியஸுக்கு இப்படியொரு ஒலிக்கருவி விற்பனைக்கு வந்தது.

இவற்றில் பல காரோடு வரும் கைநூலிலேயே இருக்கும். நம் நாட்டுக்கு வந்த ஹைபிரிட்டுகளில் ஏராளமானவை ஜப்பானில் பாவித்தவை, கைநூலும் ஜப்பானிய மொழியில். வாசிக்க முடியாததால் அது டாஷ்போட் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. இன்று போன் கமராவைப் பிடித்தாலே மொழிபெயர்ப்பு வருகிறது. ஒரு தடவை முயன்று பாருங்கள்.

ஆனால் "ஹைபிரிட் என்றால் அப்பிடித்தான் சேர், பயப்படாதீங்க" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுபவர்களையும் நம்ப வேண்டாம். அதற்கும் வரலாறு சாட்சி. மூன்றாம் தலைமுறை பிரியஸ் 2009இல் வந்தது. கரடுமுரடான அல்லது வழுக்கும் றோட்டில் ஒரு கணம் பிரேக் பிடிக்காதது போலிருக்கிறது என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஓட்டுநர்கள் முறையிட்டார்கள். ஓட்டுபவரின் உணர்வோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்ற தோரணையில்தான் நிறுவனத்தார் முதலில் பேசினார்கள். முறைப்பாடுகள் நிற்கவில்லை. 2010 பெப்ரவரி 9ஆம் திகதி, உலகம் முழுவதும் சுமார் 4,37,000 ஹைபிரிட் வாகனங்களைத் திருத்துவதற்கு டொயோட்டா திருப்பி அழைத்தது. ஏபிஎஸ் வேலை செய்யும் நேரத்தில் மோட்டார் பிரேக்கும் எண்ணெய்ப் பிரேக்கும் கைமாறும் இடத்தில் இருந்த குறை அது. மென்பொருளை மாற்றிச் சரிசெய்தார்கள். சாதாரண ஓட்டுநர்கள் வாய் திறந்திருக்காவிட்டால் அது அவ்வளவு விரைவில் நடந்திருக்குமா?

ஆகவே இரண்டு பக்கமும் ஏமாற வேண்டாம். சில்லைக் கழற்றிக் காட்டாமல் சாமான் மாற்றச் சொன்னால் காசு கொடுக்காதீர்கள். சத்தம் எப்போது, எந்த வேகத்தில், எந்தச் சில்லில் வருகிறது என்று திகதியோடும் கிலோமீற்றரோடும் குறித்து வையுங்கள், முடிந்தால் போனில் பதியுங்கள். உத்தரவாதக் காலம் இருந்தால் விற்றவருக்கு முதலில் எழுத்தில் அறிவியுங்கள். பிரேக் லைட் எரிந்தாலோ, பெடல் உள்ளே போனாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு சில்லு மட்டும் கடும் சூடாக இருந்தாலோ ஓட்டவே வேண்டாம். காரை ஒரே இடத்தில் நாள்கணக்கில் விடாதீர்கள். பின்னால் யாரும் வராத வெறும் றோட்டில் இடைக்கிடை நாலைந்து தடவை சற்று உறுதியாகப் பிரேக் பிடியுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது கலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் அந்தப் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு நாநாவிடம் சொன்னார்: "தம்பி, பிரேக்கும் மனிசன் மாதிரித்தான். சும்மா இருந்தா கறள் பிடிச்சிரும்."

இந்த மாதம் உம்மா கிளினிக்குக்கு எங்கள் காரிலேயே போய்வந்தார். முன் சீட்டில் இருந்த அவர் வழிநெடுக ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றார். நாநா மட்டும் ஒவ்வொரு சந்தியிலும் கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக்கொண்டே வந்தார்.

வாகனம் ஓட்டும் எல்லோருடைய பயணங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. உங்கள் வண்டியில் இப்படி ஏதும் சத்தம் கேட்டு, காரணம் கண்டுபிடித்திருந்தால் கீழே எழுதுங்கள். இன்னொருவருக்கு உதவும்.